இங்கே ஆஸ்பத்திரி இல்லை

மேற்கே பார்த்த கடையின் முகப்பில் காலை வெயில் விழாது. இது சுகந்திக்குத் தெரியும், சூரியனுக்கும் தெரியும். திருட்டுப் பயல்களுக்கு மட்டும்தான் தெரிவதில்லை.

“கடை மேற்க பாத்து இருக்குதாமா, உள்ளார கடிகாரம் காலைல எட்டேகால் காட்டுதாமா, போர்டு மேல வெயிலு பளபளன்னு அடிக்குதாமா,” என்று கைப்பலகையின் திரையைப் பார்த்துக் கேட்டாள் சுகந்தி. “எவளுக்குடா காது குத்தறீங்க?”

‘ராயல் வாஷிங் மெஷின் சர்வீஸ் கணபதி கோயமுத்தூர் 24 மணி நேரம்’ என்ற பதிவின் மேல் விரலை வைத்து, ‘போலி’ என்ற பட்டனை அழுத்தினாள். பதினோராயிரத்து இருநூற்றாறு. நோட்டில் குறித்துக்கொண்டாள். காலை ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் இதுதான் வேலை. ஏழு மணிக்குமேல்தான் கடை ஷட்டரைத் தூக்கி, எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்ற உட்காருவாள்.

மனிதர் ஓட்டும் வண்டிகள் அருகிப்போய் ஏழெட்டு வருடம் ஆகிவிட்டிருந்தது. இப்போது சாலையில் ஓடுவதெல்லாம் தானோட்டிகள். தானோட்டிக்கு ஊர் தெரியாது, தெரு தெரியாது, டீக்கடையில் நிறுத்தி வழி கேட்கவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ‘திசை’ என்ற வரைபடம் ஒன்றுதான். திசையில் இருக்கிற இடத்துக்குப் போகும், இல்லாத இடத்துக்குப் போகாது. நடுவழியில் இறங்குகிறேன் என்று கத்தினாலும் கதவைத் திறக்காது, பாதுகாப்பு விதியாம். ஒரு கடை உலகத்தில் இருக்கிறதா இல்லையா என்பதை வரைபடத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலைக்கு ஊரே வந்து சேர்ந்துவிட்டது.

வரைபடத்தில் பெயர் நட்டால் பிழைப்பு நடக்கும் என்றால், பொய்ப்பெயர் நடுகிறவனுக்குக் கேட்கவா வேண்டும்? எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் தரகன் ஊருக்கு நூறு பெயர் நடுவான். படத்தை மிஷின் வரைந்து தரும், பாராட்டை மிஷின் எழுதித் தரும், போனை எடுத்துப் பேசுவதற்குக்கூட மிஷின்தான். வந்து விழுகிற அழைப்புகளை எவனுக்காவது கைமாற்றி விட்டுவிடுவான். வாஷிங் மெஷின், பூட்டு, குழாய் ரிப்பேர் என்று போய்க்கொண்டிருந்த வரைக்கும் ஊர் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு ஆஸ்பத்திரி நட ஆரம்பித்தார்கள்.

மூன்று வருடம் முன்பு, அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிணற்று மோட்டாரைக் கழற்றப் போன சுகந்தியின் கணவர் சண்முகசுந்தரத்தைக் கண்ணாடி விரியன் கடித்தது. உதவிக்குக் கூடப் போயிருந்த சுகந்தி பதறினாலும் சுதாரித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் தானோட்டியைக் கூப்பிட்டாள். வண்டி எட்டு நிமிடத்தில் வந்துவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அருகிலிருக்கும் விஷமுறிவு சிகிச்சை மையம் ஆறு கிலோமீட்டர் என்று திசை காட்டியது. நானூறு பாராட்டு, நாலே முக்கால் நட்சத்திரம். வண்டி பறந்து போய் நின்றது. கதவு திறந்தது. “நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது” என்றது இனிமையான பெண்குரல்.

வெளியே வெறும் பொட்டல். நாலு கல்தூண், துருப்பிடித்த கம்பிவேலி, சீமைக் கருவேலம். எதிரே ஒரு வேப்பமரம். மனிதர் நடமாட்டமே இல்லை. அவள் அந்தப் பொட்டலைச் சுற்றிச் சுற்றி ஓடி, “டாக்டரே, டாக்டரே” என்று கத்தினாள். இல்லாத டாக்டர் எங்கிருந்து வருவார்? பயணம் முடிந்ததென்று அந்த வண்டி போய்விட்டிருந்தது. அடுத்த வண்டி வந்து, அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அவருக்கு வாயிலும் மூக்கிலும் ரத்தம் வந்துவிட்டது. போகும் வழியிலேயே போய்விட்டார். மறுநாள் அவளுடைய போனுக்கு ஒரு செய்தி வந்தது: ‘உங்கள் பயணத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’

அன்றைக்குப் பிடித்த கோபம் அவளுக்கு. அது இன்றுவரை ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

முதலில் ஒவ்வொரு பதிவையும் மொபெட்டில் போய் நேரில் பார்த்து, இல்லையென்று உறுதி செய்துகொண்டுதான் புகார் போட்டாள். ஒரு வருடம் அப்படி அலைந்தாள். பிறகு எண்ணிக்கை பெருகியது, கண்ணும் பழகிவிட்டது. போலிக்கு ஐந்து அடையாளம் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். பெயரிலேயே ஊரும் தொழிலும் நேரமும் அடைத்து நீட்டியிருப்பான். போன் நம்பர் வேறு ஏதாவது தொழிலுக்கும் இருக்கும். படம் வரைந்ததாகவோ பொருந்தாததாகவோ இருக்கும். பாராட்டெல்லாம் ஒரே வாரத்தில் வந்து குவிந்திருக்கும். திசையில் உள்ள தெருப் படத்தில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் போர்டு இருக்காது. ஐந்தும் பொருந்தினால் அப்புறம் நேரில் போக வேண்டிய தேவையே இல்லை. இரண்டு வருடமாக அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒன்றுகூடத் தப்பாகப் போனதில்லை என்று அவளுக்குப் பெருமையும் உண்டு.

திசையும் அவளை நம்பியது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நம்பகப் புள்ளி. மற்றவர்கள் ஆயிரம் பேர் சொன்னால் அசையாத பதிவு, சுகந்தி ஒருத்தி சொன்னால் ஐந்தே நிமிடத்தில் மறைந்துவிடும்.

அன்றைக்கு ஆடி இருபத்தாறு. கடையைத் திறந்து, காற்றில் அடித்துக்கொண்ட ஷட்டருக்கு முட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்தபோது, தோளில் பையும் கையில் பொன்னாடையுமாக ஓர் இளைஞன் வந்து நின்றான். பெயர் பிரணவ் என்றும், திசை நிறுவனத்திலிருந்து வருவதாகவும் சொன்னான்.

“இதுதான் கடைன்னு கண்டுபிடிக்கவே முடியல மேடம். வெளியில போர்டே இல்லையே?”

“முத வாரத்துக் காத்துல பிச்சுக்கிட்டுப் போயிருச்சு தம்பி. புதுசு எழுதி வந்திருச்சு.” உள்ளே சுவரில் சாய்த்து வைத்திருந்த போர்டைக் காட்டினாள். மஞ்சள் பூச்சில் சிவப்பு எழுத்து மினுங்கியது. “உக்காருங்க. என்ன விஷயமுங்க?”

பிரணவ் நின்றபடியே பொன்னாடையைப் போர்த்தினான். ‘வரைபடக் காவலர்’ என்று பொறித்த கண்ணாடிக் கேடயத்தைக் கையில் கொடுத்தான். “நாட்டுலயே முதல் இடம் மேடம் உங்களுக்கு. நீங்க எங்களுக்குப் பொக்கிஷம்.”

“பொக்கிஷமெல்லாம் இருக்கட்டும். நான் அழிக்கறதை நீங்களே ஏன் அழிக்கறதில்லை?”

“ஒரு நாளைக்கு லட்சக்கணக்குல வருது மேடம். மிஷின் பண்ற போலியை மிஷினால கண்டுபிடிக்க முடியல. மனுஷக் கண்ணு வேணும்.”

“அந்தக் கண்ணு எங்கூட்டுக்காரரு செத்ததுக்கப்புறந்தான் வேணும்னு தெரிஞ்சுதாக்கும்?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நல்ல பையன்தான் போலிருந்தது. அதற்காக விட்டுவிட முடியுமா? அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “அதுக்குத்தான் மேடம் ஒரு நல்ல சேதி கொண்டுவந்திருக்கேன். நீங்க அழிச்சது அத்தனையையும் மிஷினுக்குப் பாடமா வெச்சோம். எதைப் பார்க்கறீங்க, எதை வெச்சு முடிவு பண்றீங்கன்னு அது கத்துக்கிச்சு. பத்து நாளா நாடு முழுக்க ஓடுது. ஆபீஸ்ல அதுக்குச் சுகந்தி அளவுகோல்னு பேரு. நேத்து ஒரு நாள்ல மட்டும் முப்பத்தெட்டாயிரம் போலி காலி.”

மூன்று வருடத்தில் முதல் முறையாகச் சுகந்தியின் நெஞ்சில் ஏதோ இறங்கியது மாதிரி இருந்தது. முப்பத்தெட்டாயிரம் பொட்டல்கள். அவற்றின் முன்னால் இனி எவளும் நின்று கத்த வேண்டியதில்லை. பொன்னாடையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டாள்.

“ஒரே ஒரு விஷயம்,” என்றான் பிரணவ் கிளம்பும்போது. “உங்க கணக்கு இந்தக் கடைப் பதிவோடதான் ஒட்டியிருக்கு. பதிவைப் பத்திரமாப் பார்த்துக்கோங்க. போலிக் கடைக்காரன் போட்டிக் கடையை அழிக்கக்கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. கடை போலின்னு ஆயிட்டா, அது அழிச்சது அத்தனையும் தானாத் திரும்பி வந்துடும். அளவுகோலும் நின்னுடும், அது உங்க கணக்கு மேலதானே நிக்குது? உங்களுக்கு அதெல்லாம் வராது. சும்மா ஒரு தகவலுக்கு.”

அவன் போய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கையால் ஓட்டும் பழைய பைக் ஒன்று வாசலில் வந்து நின்றது. இறங்கியவருக்கு ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் ஸ்டெதஸ்கோப் துருத்திக்கொண்டிருந்தது. கடையை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே தொங்கும் செம்புக் கம்பிச் சுருள்களைப் பார்த்தார். சுகந்தியைப் பார்த்தார்.

“சண்முகா ரீவைண்டிங் ஒர்க்ஸ் இதுதானா?”

“ஆமாங்க. மோட்டாருங்களா?”

“இல்லம்மா. இந்தக் கடை நெசமாவே இருக்கான்னு பார்க்கத்தான் வந்தேன்.” அவர் ஓர் இரும்பு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தானே உட்கார்ந்தார். “எவனோ போட்டிக்காரன் பொய்ப்பேர்ல செஞ்சிருப்பான்னு நெனச்சேன். இருக்கு. நெசமான கடைதான்.”

“எதைச் செஞ்சிருப்பான்னு சொல்றீங்க?”

“என் பேரு பெலிக்ஸ். வெள்ளக்கரட்டுல பதினேழு வருஷமா டாக்டர். சுத்துப்பட்டுல விஷமுறிவு மருந்து குளிர்ப்பெட்டியில வெச்சிருக்கற ஒரே கிளினிக் என்னுது. ஆடிப்பெருக்கு அன்னிக்குக் காலைல என் கிளினிக் போலின்னு நீக்கியிருக்காங்க. நீக்கச் சொன்னவங்க பேரு போட்டிருந்துச்சு. சண்முகா ரீவைண்டிங் ஒர்க்ஸ்.”

சுகந்திக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. நோட்டைப் புரட்டினாள். ஆடி பதினெட்டு, வரிசை எண் பதினோராயிரத்து நூற்றெழுபத்தொன்பது. இருந்தது.

“டாக்டருங்க, நான் கண்ணை மூடிக்கிட்டு அழிக்கறவ இல்லீங்க. அஞ்சு அடையாளமும் இருந்துச்சு. ‘பெலிக்ஸ் கிளினிக் விஷமுறிவு 24 மணி நேரம் வெள்ளக்கரடு அன்னூர்’னு ரயிலாட்ட ஒரு பேரு.”

“வண்டி சரியா வரணுமேன்னு கம்பவுண்டர் போட்டான்.”

“போன் நம்பரு ஒரு அரிசி மில்லோடது.”

“மில்காரர் கட்டடம்மா அது. ரோட்டை அகலப்படுத்தறோம்னு பழைய கிளினிக்கை இடிச்சுட்டாங்க. ஆடி மொத வாரம் மில்லுக்குப் பின்னாடி புதுக் கட்டடத்துக்கு வந்தோம். எனக்குப் போன் இணைப்பு வரலை, அவர் நம்பரைக் குடுத்தாரு.”

“படம் வரைஞ்ச படமுங்க.”

“எஞ்சினியர் குடுத்த படம். கட்டடத்துக்கு இன்னும் வெள்ளையடிக்கலை.”

“நாப்பது பாராட்டும் ஒரே வாரத்துல வந்திருக்குது!”

“இடம் மாறினது எல்லாருக்கும் தெரியணும்னு நான்தான் வர்ற பேஷண்டையெல்லாம் எழுதச் சொன்னேன்.”

“எல்லாஞ் சரி. ஒரு போர்டு மாட்டறதுக்கு என்னங்க வந்துச்சு? தெருப் படத்துல போர்டே இல்லையே! போர்டு இல்லாம எவனாவது ஆஸ்பத்திரி நடத்துவானா?”

பெலிக்ஸ் சுவரில் சாய்ந்திருந்த மஞ்சள் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த போர்டு எப்ப வந்துச்சும்மா?”

“பத்து நாளாச்சுங்க.”

“ஏன் இன்னும் மாட்டலை?”

“ஆடி முடிஞ்சு ஆவணி பொறக்கட்டும்னு…” என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“மில்காரரும் அதைத்தான் சொன்னாரு,” என்றார் பெலிக்ஸ். “நான் சர்ச்சுக்குப் போறவன், எனக்கு ஆடியும் ஒண்ணுதான், ஆவணியும் ஒண்ணுதான். ஆனா அவர் கட்டடம். ‘வைத்தியத்தை நிறுத்த வேண்டாங்க டாக்டர், அது பாட்டுக்கு நடக்கட்டும். போர்டு மட்டும் ஆவணி ஒண்ணாந்தேதி மாட்டிக்கலாம்’னு சொன்னாரு. அவர் மனசை ஏன் நோகடிக்கணும்னு நானும் சரின்னுட்டேன்.”

ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆடியில் புதுக்கடைக்கு எவனும் போர்டு மாட்ட மாட்டான். வரைபடம் வரைந்த வெளியூர்க்காரனுக்குத் தெரியாமல் போகலாம், மிஷினுக்குத் தெரியாமல் போகலாம். சொந்த போர்டையே சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சுகந்திக்குத் தெரியாமல் போயிற்றே! நேரில் போயிருந்தால் ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். வாசலில் செருப்புக் கிடந்திருக்கும், உள்ளே டெட்டால் வாசனை அடித்திருக்கும்.

“யாருக்காவது…” என்றாள்.

“பிருந்தான்னு ஒரு பொண்ணு. இருபத்தெட்டு வயசு. ஆடி இருபத்திரண்டு, மத்தியானம் கடலைக் காட்டுல களை எடுக்கறப்ப விரியன் கடிச்சிருக்கு. என் கிளினிக்குக்கும் அந்தக் காட்டுக்கும் ஒரு கிலோமீட்டர் கூட இருக்காது. புருஷன் கோகுல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, பெலிக்ஸ் டாக்டர்கிட்டப் போன்னு ஏறி உக்காந்துட்டான். எப்பவும் அங்கதானே போகும்? வண்டி என் கிளினிக் வாசல் வழியாவே போச்சும்மா. நான் கேட்டுல நின்னுட்டிருக்கேன். அவன் உள்ள இருந்து கண்ணாடியைக் குத்தறான், நிறுத்து நிறுத்துன்னு கத்தறான். ‘அந்த இடத்தில் எந்த மருத்துவமனையும் இல்லை’ன்னு வண்டி பதில் சொல்லுதாம். நான் பைக்கை எடுத்துக்கிட்டுத் துரத்தினேன். நூறு கிலோமீட்டர் வேகத்துல போற வண்டியை இந்த ஓட்டைப் பைக்கு எங்க பிடிக்கறது? முப்பத்தோரு கிலோமீட்டர் தள்ளி டவுனுக்குக் கொண்டுபோச்சு. உசிரு இல்ல.”

சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவர் திட்டவில்லை.

“அன்னிக்குச் சாயங்காலமே போர்டை மாட்டிட்டோம்,” என்றார் பெலிக்ஸ். “மில்காரர்தான் ஏணியைப் பிடிச்சுக்கிட்டாரு.”

அவள் போனை எடுத்துப் பிரணவைக் கூப்பிட்டாள். விவரத்தைச் சொன்னாள். “உடனே அந்தக் கிளினிக்கைத் திருப்பிப் போடுங்க தம்பி. தப்பு என்மேல. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

“மேடம், நீக்கறதுக்குத்தான் உங்களுக்கு அதிகாரம் இருக்கு, சேர்க்கறதுக்கு இல்லையே. டாக்டரைப் புதுசா விண்ணப்பிக்கச் சொல்லுங்க. சரிபார்க்க இருபத்தொரு நாள் ஆகும்.”

“காட்டுல களை எடுக்கற காலம் தம்பி இது. இருபத்தொரு நாளைக்குப் பாம்பு வாயைக் கட்டிட்டு உக்காந்திருக்குமா?”

“விதி மேடம்…”

“சரி, அதை விடுங்க. என்ற பேர்ல ஒரு மிஷின் ஓடுதுன்னீங்களே. அதுவும் போர்டு இல்லைன்னாப் போலின்னுதான் சொல்லுமா?”

“ஆமா. போர்டு இல்லாததுதான் அதுக்கு முக்கியமான அடையாளமே. உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதானே.”

“ஆடி மாசத்துல இடம் மாத்தின கடை, கிளினிக்கு, மருந்துக்கடை அத்தனையும் போயிருக்குமா?”

மறுமுனையில் விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. “ஆடின்னு தனியாப் பிரிச்சுப் பார்க்கலை மேடம். ஆனா மொத்தத்துல தொண்ணூத்தெட்டு சதவீதம் சரியா இருக்கு. ரொம்ப நல்ல எண்ணிக்கை. மீதி ரெண்டு சதவீதம் ஏத்துக்கக்கூடிய பிழைதான்.”

“யாரு ஏத்துக்கிட்டது?” சுகந்தி எழுந்து நின்றுவிட்டாள். குரல் தெருவுக்குக் கேட்டது. “அந்த ரெண்டுல பிருந்தான்னு ஒரு பொண்ணு இருக்குதே, அவ ஏத்துக்கிட்டாளா? கண்ணாடியைக் குத்திக்கிட்டுப் போனானே அவ புருஷன், அவன் ஏத்துக்கிட்டானா? என்ற புருஷன் செத்தப்பவும் இதேதானடா சொன்னீங்க, நூத்துல ஒண்ணு தப்பும்னு! அப்ப உங்க தப்பு. இப்ப என்ற பேரை எழுதி ஒட்டி என்ற தப்பாக்கி ஊரு முழுக்க அனுப்பியிருக்கறீங்க. நிறுத்துங்க அதை. இப்பவே நிறுத்துங்க!”

“எனக்கு அந்த அதிகாரம் இல்லை மேடம். மேல எழுதறேன். ரெண்டு மூணு மாசத்துல…”

அவள் போனை வைத்துவிட்டாள். பொன்னாடையைச் சுருட்டி, கிரீஸ் படிந்த துணிகளோடு மூலையில் எறிந்தாள். சிறிது நேரம் கம்பிச் சுருள்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். எரிந்த மோட்டாருக்கு எங்கே ஷார்ட் என்று தேடும்போது அப்படித்தான் நிற்பாள். பிறகு கைப்பலகையை எடுத்து, தன் கடையின் பதிவைத் திறந்தாள்.

“என்னம்மா பண்றீங்க?” என்றார் பெலிக்ஸ்.

“அடையாளம் பாக்கறனுங்க.”

‘சண்முகா ரீவைண்டிங் பம்ப் கிரைண்டர் மிக்ஸி மோட்டார் ஒர்க்ஸ் கணபதி.’ ரயில் மாதிரி பெயர். போன் நம்பரில் நாத்தனாரின் தையல் கடையும் ஓடிக்கொண்டிருந்தது. படம், தெருவின் எதிர்ப்பக்கத்தில் இருந்த பழைய கடையின் படம். சண்முகசுந்தரம் கையில் ஸ்பானருடன் சிரித்தபடி நிற்கிறார். பாராட்டுகள் ஐம்பத்து மூன்று. எல்லாம் அவர் இறந்த வாரத்தில், துக்கம் கேட்க வந்தவர்கள் எழுதியவை. ‘நேர்மையான மனிதர்’, ‘கை வைத்தால் மோட்டார் பேசும்’. தெருப் படம் போன வாரம் எடுத்தது. வாசலில் போர்டு இல்லை.

ஐந்துக்கு ஐந்து.

பிரணவ் சொல்லிவிட்டுப் போன விதியையும், தன் கணவரை வண்டி கொண்டுபோய் இறக்கிய பொட்டலைப் பற்றியும் அவள் பெலிக்ஸுக்குச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது.

“இங்க பாருங்கம்மா, என் கிளினிக் வந்துடும், அந்த மிஷினும் நின்னுடும், சரி. ஆனா நீங்க அழிச்ச பதினோராயிரமும் திரும்பி வருமே? உங்க வீட்டுக்காரரைக் கொண்டுபோய் நிறுத்தின அந்தப் பொட்டலும் வருமே?”

“வருங்க.”

“யோசிச்சுச் செய்யுங்க. மூணு வருஷ உழைப்பு.”

“மூணு வருஷமா யோசிக்காமச் செஞ்சதுதானுங்க.” அவள் நோட்டைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். “இதுல ஆஸ்பத்திரின்னு இருந்ததுக்கெல்லாம் சிவப்புல கோடு போட்டிருக்கறேன். நாப்பத்தொண்ணு இருக்கும். மீதியெல்லாம் குழாயும் பூட்டும் மிக்ஸியும். ஏமாந்தா ஏமாந்துட்டுப் போகட்டும், திட்டிட்டு வீடு போய்ச் சேருவாங்க. இந்த நாப்பத்தொண்ணுலயும் ஒரு ஆளு நிக்கணும். உங்களுக்கு ஆளு தெரியுமுங்களா?”

பெலிக்ஸ் நோட்டைப் புரட்டினார். “பழைய ஆட்டோ ஸ்டாண்டு ஆளுங்க இருக்காங்க. தானோட்டி வந்ததுலேர்ந்து கை கட்டி உக்காந்திருக்காங்க. கேட்டா வருவாங்க. எத்தனை பேருன்னுதான் சொல்ல முடியாது.”

சுகந்தி தன் கடையின் பெயர் மேல் விரலை வைத்தாள். படத்தில் சண்முகசுந்தரம் சிரித்துக்கொண்டிருந்தார். “கோவிச்சுக்காதீங்க சாமி” என்று அவரிடம் சொல்லிவிட்டு, ‘போலி’ என்பதை அழுத்தினாள்.

திசை கேள்வியே கேட்கவில்லை. தொண்ணூற்றொன்பது புள்ளிக்காரி சொன்னால் அதற்கு வேதவாக்கு. நாலு நிமிடத்தில் கடை மறைந்தது. ஐந்தாவது நிமிடத்தில் அவள் கணக்கு மூடியது. பத்தாவது நிமிடத்தில் பெலிக்ஸின் போனில் அவருடைய கிளினிக் வந்து நின்றது. அதற்கு ஆறு கிலோமீட்டர் கிழக்கே இன்னொன்றும் முளைத்தது: ‘விஷமுறிவு சிகிச்சை மையம், 24 மணி நேரமும் திறந்திருக்கும்’. நானூறு பாராட்டு, நாலே முக்கால் நட்சத்திரம்.

இருபத்தெட்டு இடங்களுக்கு ஆள் கிடைத்தது. பத்து இடங்களில் சுவரில் எழுதி வைத்தார்கள். மூன்று இடங்களுக்கு ஆளும் இல்லை, எழுதச் சுவரும் இல்லை. அந்த மூன்றை நினைத்தால் சுகந்திக்குச் சோறு இறங்காது. பிரணவ் தினமும் போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. நாட்டின் முதல் வரைபடக் காவலர் ஒரு போலி என்று செய்திகளில் ஓடியது. நாத்தனார் வந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் போனாள்.

அந்தப் பொட்டலை சுகந்தி வேறு யாரிடமும் விடவில்லை. மூன்று வருடமாக அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள், மறுநாள் விடிந்ததும் கடையின் பழைய குட்டியானையைத் தானே ஓட்டிக்கொண்டு போனாள். மோட்டார் ஏற்றப் பயன்பட்ட அந்த நாலு சக்கர வண்டியின் பின்தட்டில் ஒரு கட்டிலும் மெத்தையும் கிடந்தன. பக்கத்தில் மஞ்சள் போர்டு. அதைத் திருப்பிப் போட்டு, வெறும் தகரமாக இருந்த பின்பக்கத்தில் கறுப்புப் பெயிண்டால் தானே எழுதியிருந்தாள்:

இங்கே ஆஸ்பத்திரி இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. பெலிக்ஸ் டாக்டர், மேற்கே ஆறு கிலோமீட்டர்.

கல்தூணில் கம்பியால் இறுக்கிக் கட்டினாள். காற்று பிய்த்துக்கொண்டு போகாதபடி நாலு முடிச்சு. ஆடி இருபத்தேழு அன்றைக்கு. நல்ல நாளா கெட்ட நாளா என்று பார்க்கவில்லை.

அந்த நாளும் அடுத்த நாளும் ஒன்றும் வரவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வராமலே இருந்தால் நல்லது என்றும் தோன்றியது. வந்தால் தான் இருக்க வேண்டுமே என்றும் தோன்றியது. மூத்திரத்துக்குப் போனால்கூட ஓடிப்போய் ஓடி வந்தாள்.

மூன்றாம் நாள் மதியம் மூன்று மணி இருக்கும். கிழக்கே புழுதி கிளம்பியது. வெள்ளை ஆம்புலன்ஸ் தானோட்டி பறந்து வந்து, போர்டுக்கு நேர் முன்னால் அலுங்காமல் நின்றது. கதவு திறந்தது. அதே இனிமையான பெண்குரல்.

“நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது.”

உள்ளே முப்பது வயசுப் பெண் ஒருத்தி. அவள் மடியில் கணவனின் தலை. கெண்டைக்கால் வீங்கி, தோல் மினுங்கியது. அந்தப் பெண் வெளியே எட்டிப் பார்த்தாள். கல்தூணைப் பார்த்தாள், கருவேலத்தைப் பார்த்தாள். அவள் வாய் திறந்து, கத்தப்போகும் அந்த நொடியில், சுகந்தி கதவை எட்டிப் பிடித்துவிட்டாள்.

“அது பொய் சொல்லுது கண்ணு. இன்னும் வந்து சேரல. நீ தலைப்பக்கம் பிடி, காலை ஆட்டாம நான் பிடிச்சுக்கறேன். என்ற வண்டியில ஏத்தலாம்.”